சலூன்காரரின் இடது கண்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஓவிய டீச்சருக்கு வைத்திருந்த பெயர் பம்பரம். யார் வைத்தார்கள் என்று தெரியாது. பொருத்தமில்லை என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. ஓவிய வகுப்பு தொடங்கி மணி அடிக்கும் வரை மேசைக்கு மேசை அலைந்துகொண்டே இருப்பாள். ஒருத்தியின் தோள்மேல் எட்டிப் பார்ப்பாள், இன்னொருவன் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கி இரண்டு கோடு இழுப்பாள், அதற்குள் மூன்றாவது மேசைக்குப் போயிருப்பாள். அவளுக்கென்று கொடுத்த நாற்காலியில் வண்ணப் புட்டிகள்தான் உட்கார்ந்திருந்தன.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். நாள் முழுக்க கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்து வருகிறவர், சாப்பாட்டு மேசையில் ஆற அமர உட்காருவார். எதிரே அவள் தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிடுவாள்.

"ஏம்மா, நாற்காலியில முள்ளா வச்சிருக்கு? கொஞ்சம் உட்காரேன். பாக்கிற எனக்குக் கால் வலிக்குது."

"உட்கார்ந்தா எதையோ மறந்துட்ட மாதிரி இருக்குங்க."

எதை மறந்தாள் என்று அவளுக்கும் விளங்கியதில்லை. ஆனால் அந்த அரிப்பு எங்கே தொடங்கியது என்பது ஓரளவு தெரியும். படிக்கிற காலத்தில் அவள் அறிவியல் பிரிவில் இருந்தாள். தவளையை அறுத்துப் பார்த்து வரைகிற வகுப்பில் அவள் வரைந்த படத்தை ஆசிரியை வாங்கி வகுப்பு முழுக்கக் காட்டினாள். காகிதத்திலிருந்து எழுந்து தாவிவிடும் போல இருந்தது தவளை. பிறகு அதே ஆசிரியை அதே படத்துக்கு ஃபெயில் மார்க் போட்டாள். கல்லீரலைப் புத்தகத்தில் இருந்த மாதிரி வரையாமல், தட்டில் கிடந்த மாதிரி வரைந்திருந்தாள். பெயர்களையும் இடம் மாற்றி எழுதியிருந்தாள். "படம் பிரமாதம், பாடம் பூஜ்யம்" என்றாள் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. அப்பா மார்க் அட்டையைப் பார்த்துவிட்டு, "உனக்குக் கை ஓடற அளவுக்கு மண்டை ஓடல. கை ஓடற பக்கமே போயிடு" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அவளும் போனாள். ஓவியம் படித்தாள், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, மகள் பிறந்து வளர்ந்து வெளியூருக்குப் படிக்கவும் போய்விட்டாள். ஆனாலும் பள்ளியின் அறிவியல் கூடத்தைத் தாண்டிப் போகும்போது, அந்த அமில நெடி மூக்கில் ஏறியதும், யாரோ தன்னை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருப்பது போல ஓர் உறுத்தல் வரும். நடையை வேகப்படுத்திக் கடந்துவிடுவாள்.

வகுப்பில் அவளுக்கு ஒரு வேதவாக்கு உண்டு. "மூணு வண்ணம் போதும். சிவப்பு, மஞ்சள், நீலம். இந்த மூணை வச்சு உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் கலந்து எடுத்திடலாம்." கடையில் விற்கிற ஆயத்த வண்ணங்களை அவள் தொடவே விடமாட்டாள். முக்கியமாகப் பழுப்பு. சிவப்பையும் பச்சையையும் கலந்து பழுப்பு எடுக்கத் தெரியாமல் பழுப்பு டியூப்பைப் பிதுக்குகிறவனுக்கு அவள் வைத்த பெயர் சோம்பேறி.

இந்த வேதவாக்கில்தான் முதல் வெடி வெடித்தது. ஒரு நாள் இயற்பியல் ஆசிரியர் விடைத்தாள் கட்டோடு ஓவிய அறைக்குள் நுழைந்தார். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் பிள்ளைகளுக்கு அவர் லென்ஸ் சார். சாதுவான மனிதர், குரல் உயர்த்த மாட்டார். அன்றைக்கு உயர்த்தினார்.

"டீச்சர், முதன்மை வண்ணங்கள் எவைன்னு கேட்டிருந்தேன். பாதி வகுப்பு சிவப்பு, மஞ்சள், நீலம்னு எழுதி வச்சிருக்கு. யாரு சொன்னாங்கன்னு கேட்டா எல்லாம் உங்க பேரைச் சொல்லுது."

"சரியாத்தானே சொல்லியிருக்குங்க?"

"சிவப்பு, பச்சை, நீலம். மஞ்சள் எங்கேருந்து வந்துது?"

"என் புட்டியிலேருந்து வந்துது. நீங்க சிவப்பையும் பச்சையையும் கலந்து எனக்கு மஞ்சள் எடுத்துக் காட்டுங்க சார், நான் இந்த வேலையை விட்டுடறேன்."

"வெளிச்சத்தைக் கலந்தா வரும்."

"நான் வெளிச்சத்தைப் புட்டியில வாங்கறதில்ல சார்."

பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் தலைமையாசிரியை வரைக்கும் போனது. அந்த அம்மாளுக்குக் கூரை ஒழுகுவது பெரிய கவலை. "அவரவர் பாடத்துக்கு அவரவர் வண்ணம். போய் வேலையைப் பாருங்க" என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பினார். அதன்பிறகு ஆசிரியர் அறையில் இவள் வந்தால் அவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடிப்பார். அவர் வந்தால் இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். தன் பக்கம் நியாயம் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெளிச்சத்தைக் கலப்பது என்றால் என்ன என்று தனக்குத் தெரியவில்லை என்பதும் தெரிந்திருந்தது. தவளைப் படம் மறுபடி தலைகாட்டியது.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்தாள். அவள் கண் மருத்துவமனையில் நர்ஸ். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவது அவள் வழக்கம்.

"அண்ணி, உங்க கைக்கு ஒரு வேலை இருக்கு. செயற்கைக் கண்ணு தெரியுமில்ல? கண்ணு போனவங்களுக்கு வைக்கிறது. எங்க ஆஸ்பத்திரியில அதுக்கு வண்ணம் தீட்டிக்கிட்டிருந்தவர் வெளிநாட்டுக்குப் போயிட்டாரு. ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. டாக்டர் தலையைப் பிச்சுக்கிறாரு."

"அது மெஷின்ல அச்சடிக்கிறதில்லையா?"

"அச்சடிச்சதும் இருக்கு. பொம்மைக் கண்ணு மாதிரி முழிக்கும். ஒவ்வொருத்தர் கண்ணையும் பாத்துப் பாத்துத் தீட்டினாத்தான் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும். சனிக்கிழமை வந்து பாருங்க. பிடிக்கலைன்னா விட்டுடுங்க."

கணவர் மேசையிலிருந்தே குரல் கொடுத்தார். "போயிட்டு வா. அங்கயாவது உட்கார வைப்பாங்க."

உட்காரத்தான் வைத்தார்கள். மருத்துவமனையின் கடைக்கோடியில் வடக்குப் பார்த்த ஒரு பெரிய ஜன்னலுள்ள அறை. மெருகேற்றும் இயந்திரம் ஒன்று, அச்சுகள் வைக்கும் அலமாரி ஒன்று, ஜன்னலோரம் எதிரெதிரே இரண்டு முக்காலிகள். ஒன்றில் அவள், மற்றொன்றில் வருகிறவர். முழங்கால் முழங்காலோடு இடிக்கும் தூரம். கையில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு வில்லை. அதன்மேல் எதிரே இருப்பவரின் நல்ல கண்ணைப் பார்த்து, அதன் கருவிழி வளையத்தை மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக எழுப்ப வேண்டும். நிறம் சரியா என்று பார்க்க அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவேண்டும். ஈரத்தில்தான் உயிர்க் கண்ணின் நிறம் தெரியும். வெள்ளைப் பகுதிக்குச் சிவப்புப் பட்டு நூலிலிருந்து இழை பிரித்து நரம்புகளாகப் பதிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சுக்குள் வைத்து இறுக்கிவிடுவார்கள்.

முதல் கண் மோசம். இரண்டாவது பரவாயில்லை. அடுத்தடுத்து வந்தவை டாக்டரைப் புருவம் உயர்த்த வைத்தன. பழுப்புக் கண் என்று உலகம் ஒரே வார்த்தையில் சொல்கிறதே, அது ஒரு பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. நடுவிலுள்ள கண்மணியைச் சுற்றி ஒரு தேன்நிற வளையம், அதிலிருந்து வெளியே ஓடும் கீற்றுகள், ஓரத்தில் புகைபோலக் கறுப்பு. ஒருவர் கண் போல இன்னொருவருடையது இல்லை.

ஆனால் அரிப்பு அடங்கவில்லை, கூடியது. பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கண்ணை உற்றுப் பார்த்து இரண்டு முறை முறைப்பு வாங்கினாள். வகுப்பில் ஒரு மாணவியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "அசையாதே" என்றாள். பெண் பயந்துபோனாள். வீட்டில் கணவர் ஏதோ கடைக் கவலையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் தலையை ஒருபக்கம் சாய்த்து அவரையே பார்த்தாள். கொஞ்ச நேரம் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"நான் சொல்றது காதுல விழுதா?"

"உங்க வலது கண்ணுல கீழ்ப்பக்கம் ஒரு ஆரஞ்சுப் புள்ளி இருக்குங்க. இத்தனை வருஷமா நான் பாக்கவே இல்ல."

"அதான பாத்தேன்" என்று எழுந்து போனார் அவர்.

சலூன்காரர் வந்தது இந்த வேகத்தின் உச்சியில். சலூனில் சாயும் நாற்காலியின் ஸ்பிரிங்கைச் சரிபார்க்கக் குனிந்திருக்கிறார். அது தெறித்து இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. காயம் ஆறிப் பல மாதம் ஆகியும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே வருவதில்லை. வாயாடி மனிதர். முக்காலியில் உட்கார்ந்ததும் அவளுடைய வகிடு நேராக இல்லை என்று சொன்னார்.

"கண்ணு போனதுகூடப் பரவாயில்ல டீச்சர். ஒரு கண்ணாலயே முடி வெட்டப் பழகிட்டேன். ஆனா கறுப்புக் கண்ணாடி போட்டவன் கையில கத்தியைப் பாத்தா எவன் கழுத்தை நீட்டுவான்? கண்ணாடியைக் கழட்டினா அதைவிட மோசம். பழைய ஆளுங்க கூட, 'இல்லப்பா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்'னு சொல்லிட்டு எதிர்க் கடைக்குப் போறானுங்க."

அவருக்காக அவள் தன் திறமை முழுவதையும் கொட்டினாள். சிவப்பும் பச்சையும், ஒரு துளி மஞ்சள், தேவைப்பட்ட இடத்தில் நீலம். கருவிழியில் ஒரு கீற்றுகூட விட்டுப்போகவில்லை. கண்ணை வைத்து அவரை ஜன்னல் பக்கம் திருப்பியபோது நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் வந்து பார்த்து, நிஜக் கண் இதுதானே என்று செயற்கைக் கண்ணைக் காட்டினார். சலூன்காரர் கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அதே மனிதர் அதே முக்காலியில் வந்து உட்கார்ந்தார். புதிதாக வாங்கிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. கண்ணு நிறம் மாறுது."

"மாறாது. பூச்சுக்குள்ள இருக்கிறது எப்படி மாறும்?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

"இங்க சரியாத்தான் இருக்கு" என்றார் சலூன்காரர். "என் கடைக்கு வந்து பாருங்க. ஒரு கண்ணு என்னுது. இன்னொண்ணு குடிச்சிட்டுத் தூங்காம கிடந்தவனுது."

மனப்பிரமை என்று டாக்டர் சொன்னார். புதுக் கண் வைத்தவர்கள் சிலர் அப்படித்தான் ஆயிரம் குறை காண்பார்களாம். பழகிவிடும் என்றார். அவளுக்கும் அதை நம்பத்தான் ஆசை. ஆனால் சாயங்காலம் கால் வீட்டுக்குப் போகாமல் சலூனுக்குப் போனது.

குறுகலான கடை. சுவருக்குச் சுவர் கண்ணாடி, அதற்குமேல் நீளமான டியூப் லைட்டுகள், பவுடர் வாசனை. வெளிச்சம் வருகிற ஜன்னல் என்று ஒன்று கிடையாது. சலூன்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றார். சுவரிலிருந்து அவருடைய இரண்டு கண்களும் அவளைப் பார்த்தன. வலது கண் பழுப்பு. இடது கண் செம்பு. செங்கல்லைத் தேய்த்துப் பூசியது போல. அவர் சொன்னதில் மிகை இல்லை, குறைத்துத்தான் சொல்லியிருந்தார்.

அவரைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றாகிவிட்டது. உள்ளே தள்ளினாள். பிரிந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"டீச்சர், நான் நாள் முழுக்க இந்த லைட்டுக்குக் கீழதான் நிக்கறேன். வர்ற ஆளு கண்ணாடியில என்னைத்தான் பாத்துக்கிட்டிருப்பான்."

"தெரியுது."

"என்ன செய்யறது?"

"தெரியல" என்றாள் அவள்.

அந்த வாரம் அவளை யாராலும் தாங்க முடியவில்லை. வகுப்பில் எரிந்து விழுந்தாள். சொந்தப் பழுப்பைக் கலந்து காகிதத்தில் பூசி, அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விளக்காகத் தேடிப் போனாள். மருந்துக்கடையில், மாடிப்படியில், குளிர்பெட்டியைத் திறந்து அதன் உள்விளக்கில். கணவர் வந்து குளிர்பெட்டியை மூடினார். "யாரையாவது கேளேன்மா" என்றார். யாரை என்று அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். இரண்டு முறை அறிவியல் கூடத்தின் வாசல் வரை போய் ஏதோ மறந்தவள் போலத் திரும்பிவிட்டாள். மூன்றாவது முறை லென்ஸ் சாரே வெளியே வந்துவிட்டார்.

"டீச்சர், கூடம் பக்கமே நடமாட்டமா இருக்கே. ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

"சார், வெளிச்சத்தைக் கலக்கிறதுன்னா என்ன?"

அவர் சிரிப்பார், குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்து அவள் உடம்பையே இறுக்கி வைத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. கதவை அகலத் திறந்தார். அவள் சலூன் கதையைச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் பரீட்சை நாளில் முதல் கேள்விக்கே விடை தெரிந்த பையன் முகமாக மாறியது.

"ரெண்டும் ஒரு வெளிச்சத்துல ஒண்ணா இருக்கு, இன்னொண்ணுல வேறயா இருக்கா? பிரமாதம்!"

"பிரமாதமா? அந்த மனுஷன் பொழப்பு போகுது சார்."

"மன்னிச்சிடுங்க. வாங்க, காட்டறேன்."

பழைய சிடி ஒன்றை எடுத்து ஜன்னலில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். சிவப்பிலிருந்து ஊதா வரை வண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஓடின. பிறகு அறையின் டியூப் லைட்டுக்குக் கீழே பிடிக்கச் சொன்னார். அவள் அசந்துபோனாள். ஓட்டமே இல்லை. ஒரு சிவப்புக் கோடு, ஒரு பச்சைக் கோடு, ஒரு நீலக் கோடு. நடுவில் பெரும்பாலும் இருட்டு.

"சூரிய வெளிச்சம் நெருக்கமா நெய்த துணி. இது வலை" என்றார் அவர். "தூரத்திலேருந்து பாத்தா ரெண்டும் வெள்ளை. நிஜக் கண்ணு எல்லா வெளிச்சத்தையும் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் தருது. உங்க கலவை அப்படி இல்ல. உள்ள இருக்கிற சிவப்பு சிவப்பை மட்டும் நல்லாத் தருது, பச்சை பச்சையை மட்டும். சூரியன்ல கூட்டிக் கழிச்சா ஒண்ணாயிடுது. வலையில ஓட்டை விழற இடம் வேற வேறயா இருக்கிறதால கணக்கு இடறுது."

அவளுக்கு அது புரிந்தது. கேட்டுப் புரிந்ததல்ல. சிடியைத் திருப்பித் திருப்பிக் கண்ணால் பார்த்துப் புரிந்தது. கடைசியில் அவர்தான் அதை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"அப்ப எப்படிக் கலக்கணும்?"

"சிவப்பு அதிகமாத் தெரியுதுன்னா கொஞ்சம் நீலம் சேத்துப் பாருங்க."

சேர்த்தாள். மறுநாள் மதிய இடைவேளையில் இருவரும் கூடத்தின் டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தார்கள். ஒத்துப்போனது. வெற்றி என்று அவர் கையைத் தட்டினார். அவள் காகிதத்தை வெயிலுக்கு எடுத்துப் போனாள். பாசி பிடித்த சுவர் மாதிரிப் பச்சையாக நின்றது.

"சார், இங்க இழுத்தா அங்க கிழியுது. நீங்க சொன்ன வைத்தியத்துல அந்த ஆளு தெருவுல நடக்கவே முடியாது."

"நான் பெயின்ட்டைத் தொட்டு ரொம்ப வருஷமாச்சு டீச்சர். எனக்கு வெளிச்சம்தான் தெரியும்" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அவர் ஒன்றைத் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு இடைவேளை எல்லாம் அங்கேதான். அவர் எங்கெங்கோ இருந்து விதவிதமான பல்புகளைக் கொண்டுவந்தார். அவள் அட்டைத் துண்டுகளில் விதவிதமான பழுப்பைப் பூசி வரிசையாக ஒட்டினாள். விளக்கை மாற்ற மாற்ற அட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் ஓடின. ஒன்று சிவந்தது, ஒன்று வெளுத்தது, ஒன்று சேறாகியது. அவர் விளக்கை மாற்றும் வேகம் போதவில்லை என்று அவள் பறந்தாள். அவள் பறப்பதில் தனக்குத் தலை சுற்றுகிறது என்றார் அவர்.

"நிறுத்துங்க" என்றாள் திடீரென்று. "இதைப் பாருங்க. இது அசையவே இல்ல."

எல்லா விளக்கிலும் ஒரு துண்டு மட்டும் வலது ஓரத்தில் தேமேயென்று பழுப்பாகவே இருந்தது. அது கலந்த பழுப்பு அல்ல. வரிசையில் இடம் காலியாக இருந்ததால், ஒரு மாணவனிடமிருந்து அவள் பறிமுதல் செய்து வைத்திருந்த டியூப்பிலிருந்து அவசரத்துக்குப் பூசியது. மண்ணிலிருந்து எடுக்கிற சாதாரணப் பழுப்பு. சோம்பேறிப் பழுப்பு.

லென்ஸ் சார் அதை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதுல ஒரே பொருள்தான் இருக்கா?"

"மண்ணுதான். இரும்புத் துரு கலந்த மண்ணு."

"அதான்! இதுக்கு மேடு பள்ளம் கிடையாது. சிவப்புலேருந்து நீலம் வரைக்கும் ஒரே சரிவா இறங்குது. கண்ணுல இருக்கிற நிறமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இறங்கும். எந்த வலையைப் போட்டாலும் ரெண்டும் சேந்தேதான் மாட்டும்."

அவருக்குக் குதூகலம். அவளோ முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை பிள்ளைகள் கையிலிருந்து அந்த டியூப்பைப் பிடுங்கியிருப்பாள்! மூன்று வண்ணம் போதும் என்பது அவளுக்குப் பாடம் மட்டுமல்ல. வாழ்க்கையில் அவள் உறுதியாகத் தெரிந்துவைத்திருந்த ஒரே விஷயம் அது. காலுக்குக் கீழிருந்து பலகையை யாரோ உருவியது போல இருந்தது. ஆனாலும் அந்தத் தடுமாற்றத்தில் கசப்பு இல்லை. தவளையைத் தட்டில் கிடந்த மாதிரி பார்த்தபோது இருந்த படபடப்பு அது.

"மூணு போதாது சார்" என்றாள் மெதுவாக.

"என் மூணும் போதல டீச்சர்" என்றார் அவர். "நம்ம கண்ணு சிவப்பு, பச்சை, நீலம்னு மூணா எண்ணுது. உலகம் அப்படி எண்ணலை."

சலூனுக்கு விடுமுறை நாளில் சலூன்காரர் அவளுக்காகக் கடையைத் திறந்தார். கண்ணை மருத்துவமனையில் தீட்டப் போவதில்லை, சலூனிலேயே தீட்டப்போகிறேன் என்று டாக்டரிடம் அவள் சொன்னபோது அவர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். நாத்தனார் சமாளித்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில் சலூன்காரரை உட்காரவைத்து, எதிரே முக்காலியைப் போட்டு, மண் பழுப்பு, மண் மஞ்சள், எலும்புக் கரி என்று புதிய டியூப்புகளைப் பரப்பினாள். கறுப்பு வில்லையில் முதல் வளையம் எழுந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர். டியூப் லைட்டில் ஒரு பார்வை. எழுந்து வாசலுக்குப் போய் வெயிலில் ஒரு பார்வை. திரும்பி வந்து ஒரு கீற்று. மறுபடி வாசல்.

"டீச்சர், இப்படி நடந்தா என் தரை தேஞ்சிடும். வாடிக்கையாளரை இப்படி விட்டுட்டு நான் ஓடினா என்ன சொல்வாங்க தெரியுமா?"

"பேசாதீங்க. கண்ணு ஆடுது."

"வாய்தானே பேசுது?"

"வாய் பேசினா கண்ணு சிரிக்குது. சிரிக்கிற கண்ணை நான் தீட்ட முடியாது."

அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகும் அந்தக் கண் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

மண் வண்ணங்களை ஆள்வது லேசாக இல்லை. அவை மந்தமானவை, அழுத்தமாக வரும், தேன்நிறத்தின் பளபளப்பைத் தராது. அவள் பழைய பழக்கத்தில் ஒரு துளி பளிச்சென்ற சிவப்பைத் தொட்டாள். வைத்துவிட்டாள். அடுக்கை மெலிதாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல முறை பூசி, கீழே இருப்பது மேலே ஊடுருவித் தெரியும்படி செய்தாள். கை வலித்தது. முதல் வில்லையைத் தூக்கி எறிந்தாள். இரண்டாவதையும்.

பூச்சு இறுகி, மெருகு முடிந்து, கண்ணை வைத்த நாளில் லென்ஸ் சாரும் சலூனுக்கு வந்திருந்தார். முடிவெட்டிக்கொள்ள வந்ததாகத்தான் சொன்னார், தலையில் வெட்டுவதற்கு அதிகமில்லை. சலூன்காரர் கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். தெருவுக்குப் போய்ப் பக்கத்துக் கடைக்காரரிடம் முகத்தைக் காட்டினார். திரும்பி வந்து மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். இரண்டும் பழுப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் முதல் கண் அடைந்த அந்த அபாரப் பொருத்தம் இதில் இல்லை. உற்றுப் பார்த்தால் ஒரு நூல் கனம் வித்தியாசம் தெரியும். ஆனால் எங்கே போனாலும் அதே நூல் கனம்தான்.

"இது போதும் டீச்சர்" என்றார். "வாரத்துல ஏழு நாளும் ஒரே ஆளா இருந்தாப் போதும்."

அப்போது கடைக்குள் ஒருவர் நுழைந்தார். கனமான ஆள், வேலை முடிந்து வந்த களைப்பு முகத்தில். இவர்கள் யாரையும் பொருட்படுத்தாமல் நாற்காலியில் விழுந்து, "ஷேவிங்" என்றார். சலூன்காரரின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு துணியைப் போர்த்தி, நுரையைக் குழைத்து, நாற்காலியைச் சாய்த்தார். அந்த ஆள் கண்ணாடியில் சலூன்காரரின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை எதிலும் இடறாமல் வழுக்கிக்கொண்டு போனது. கத்தி தாடையைத் தொடுவதற்குள் அவர் வாயை லேசாகத் திறந்து குறட்டை விடத் தொடங்கினார்.

சலூன்காரர் கத்தியை நிறுத்தாமல் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவள் வேகமாக வெளியே வந்து தெருவில் நின்றாள். பின்னாலேயே வந்த லென்ஸ் சார் போக்குவரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றார்.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓவிய வகுப்பில் பழுப்பு டியூப்புக்கு இருந்த தடை நீங்கியது. வண்ணப் பாடத்தை இரு ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தினார்கள். சேர்ந்து என்றால் சண்டை போட்டுக்கொண்டே. "நீங்க சொல்றது திரையில, நான் சொல்றது தாள்ல" என்று அவள் சொல்வாள். "ரெண்டையும் பாக்கிறது ஒரே கண்ணுதானே?" என்பார் அவர். அந்தச் சண்டையைப் பார்ப்பதற்காகவே மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். பரீட்சையில் முதன்மை வண்ணம் எது என்ற கேள்விக்கு ஒரு பெண் "எங்கே?" என்று மட்டும் எழுதிவைத்தாள். அதற்கு மார்க் போடுவதா வேண்டாமா என்று இருவரும் ஒரு மதியம் முழுக்க வாதாடி, கடைசியில் போட்டார்கள்.

மருத்துவமனை அவளை முழுநேரமாக வரச்சொன்னது. அந்த யோசனை அவளை வாரக்கணக்கில் படுத்தி எடுத்தது. பள்ளியில் இருக்கும்போது யாரோ முக்காலியில் காத்திருப்பது போல இருக்கும். முக்காலியில் இருக்கும்போது எந்தப் பையன் எதைக் கொட்டிவைத்தானோ என்று மனம் ஓடும். கணவர் ஒரு நாள் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"எதை எடுத்தாலும் இன்னொண்ணை நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கப்போறே. ரெண்டையும் பாதிப் பாதியாக் கேட்டுப் பாரு. இல்லைன்னா நீயும் தூங்கமாட்டே, என்னையும் தூங்கவிடமாட்டே."

கேட்டாள். பள்ளி முனகியது. கூரை ஒழுகல் ஒருவழியாக நின்றிருந்ததால் தலைமையாசிரியை நல்ல மனநிலையில் இருந்தார், ஒத்துக்கொண்டார்.

புது ஏற்பாட்டின் முதல் காலையில் ஜன்னலோர முக்காலியில் ஒரு சிறுமி தன் அம்மாவின் விரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நல்ல கண் சாம்பல் நிறம், அதில் ஒரு துண்டு மட்டும் பழுப்பு, கடிகாரத்தின் சின்ன முள் போல.

"அதையும் போடுவீங்களா?" என்று கேட்டாள் சிறுமி. "அது இல்லைன்னா எனக்கு வேண்டாம்."

"அசையாம இருந்தாப் போடுவேன்."

"நீங்கதான் அசையறீங்க."

அம்மா பதறி மகளை அதட்டினாள். டீச்சர் சிரித்துவிட்டு முக்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தாள். சாம்பலுக்கு எந்த மண் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. கரியையும் வெள்ளையையும் தொட்டு முதல் வளையத்தைப் போட்டாள், தண்ணீர் விட்டாள், ஜன்னலில் பார்த்தாள், எழுந்து போய் நடைக்கூடத்து டியூப் லைட்டில் பார்த்தாள். நீலம் தட்டியது. துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.